சின்ன ஃபோர்-வீல் காரும் தோட்டத்துக் கல் றோட்டும்

ஹஸ்லர், ஃபோர்-வீல் வேகன் ஆர், டெரியோஸ், எவ்ரி வான், ஜிம்னி என்று மலையகத்தில் ஓடும் சின்ன ஃபோர்-வீல் வாகனங்களில் அநேகமானவை ஜப்பானில் பனி பெய்யும் ஊர்களுக்காகச் செய்யப்பட்டவை. 660 சி.சி. எஞ்சின், 3.4 மீற்றர் நீளம், 1.48 மீற்றர் அகலம் என்ற அந்த நாட்டுச் சின்ன கார்ச் சட்டத்துக்குள் அடங்கிய கார் காலையில் பனி மூடிய தெருவில் வழுக்காமல் கிளம்ப வேண்டும். நாலு சில்லையும் எஞ்சினோடு இணைத்தது அதற்காகத்தான். பனித் தெரு வழுக்கும், ஆனால் பெரும்பாலும் மட்டமாக இருக்கும். நம்முடைய தோட்டத்து றோட்டில் பனி கிடையாது. புடைத்த கல், சிவப்புக் களிமண், குறுக்கே வெட்டிய கான், ஒரு பக்கம் பள்ளம், இதெல்லாம்தான் இருக்கிறது.

ஆகவே வாங்கும்போதே ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். காரின் பின்னால் ஒட்டியிருக்கும் ஃபோர்-வீல் என்ற எழுத்து ஏறுவதற்கு உதவும். இறங்கும்போது காரை நிறுத்தித் தராது, காரின் அடிவயிற்றை ஒரு அங்குலமும் உயர்த்தாது. தோட்டத்து றோட்டில் கார் உடைவது பெரும்பாலும் இறக்கத்திலும் அடிவயிற்றிலும்தான். கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் இந்த இரண்டைப் பற்றியது.

எந்த ஃபோர்-வீல்?

ஹஸ்லர், வேகன் ஆர் போன்றவற்றில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே இருப்பது விஸ்கஸ் கப்ளிங். மூடிய டப்பா ஒன்றுக்குள் ஓட்டை போட்ட மெல்லிய தகடுகள், அவற்றைச் சுற்றித் தடித்த சிலிக்கோன் எண்ணெய். முன் சில்லும் பின் சில்லும் ஒரே வேகத்தில் சுற்றும்வரை பின்னுக்குப் பெரிதாக எதுவும் போகாது. முன் சில்லு வழுக்கி வேகமாகச் சுற்றினால் எண்ணெய் இழுபட்டுச் சூடாகி இறுகும், அப்போதுதான் பின் சில்லு தள்ளத் தொடங்கும். அதாவது உதவி ஒரு நொடி பிந்தித்தான் வரும். ஏற்றத்தில் முன் சில்லு லேசாக வழுக்கியதும் பயந்து காலை எடுத்துவிட்டால் பின்னால் இருந்து வரவிருந்த உதவியும் நின்றுவிடும். எக்ஸலரேட்டரை அதே அளவில் பிடித்துக்கொண்டு இரண்டு எண்ணும்வரை பொறுத்திருங்கள். அதற்குள் கார் நகரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். தொடர்ந்து சுற்றவிட்டால் கப்ளிங் சூடேறும், றோட்டில் குழி விழும், அவ்வளவுதான் நடக்கும்.

இந்தக் கப்ளிங்குக்கு ஒத்துக்கொள்ளாத இன்னொன்று டயர் வித்தியாசம். முன்னுக்குப் புது டயர், பின்னுக்குத் தேய்ந்த டயர் என்றால் சுற்றளவு மாறும். தார் றோட்டில் நேராக ஓடினாலும் இரண்டு அச்சும் வேறு வேறு வேகத்தில் சுற்றும், கப்ளிங் நாள் முழுக்க வேலை செய்துகொண்டே இருக்கும். நாலு டயரையும் ஒரே அளவில், ஒரே வகையில், ஒன்றாக மாற்றுங்கள். கார் பழுதாகி இழுத்துக்கொண்டு போகும்போது முன் சில்லை மட்டும் தூக்கி, பின் சில்லைத் தரையில் உருளவிடக்கூடாது. நாலு சில்லும் மேலே ஏறும் தட்டையான லொறிதான் பாதுகாப்பு. பிறேக்டவுன் லொறிக்காரருக்கு அது ஃபோர்-வீல் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், பார்வைக்குத் தெரியாது.

பழைய டெரியோஸ் வேறு மாதிரி. நாலு சில்லுக்கும் எப்போதும் இழுவை போகும், நடுவில் டிஃபரன்ஷியல், அதாவது முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற இடம் தரும் பற்சக்கரப் பெட்டி, இருக்கும். அதைப் பூட்டும் பட்டனை அமத்தாமல் சேற்றில் இறங்கினால், ஒரு சில்லு காற்றில் சுற்றும்போது எல்லா இழுவையும் அதற்கே போய்விடும். கல் றோட்டு தொடங்கும் இடத்திலேயே பூட்டுங்கள், தாருக்கு வந்ததும் திறந்துவிடுங்கள்.

ஜிம்னிக்கு நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர்-வீல் போட்டதும் முன்னும் பின்னும் ஒரே தண்டாக இறுகிவிடும். வழுக்கும் தரையில் அதுதான் பலம். காய்ந்த தாரிலோ கொங்கிறீட்டிலோ அப்படியே வளைவு எடுத்தால் ஸ்டியரிங் பாறையாகும், உள்ளே பற்கள் முறுகும். தோட்டத்து றோட்டில் செங்குத்தான வளைவுகளில் மட்டும் கொங்கிறீட் போட்டிருப்பார்கள் அல்லவா, அங்கே கவனம். லோ கியரை வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்துத்தான் போட வேண்டும். பழைய ஜேபி-23 ஜிம்னி வாங்குகிறவர்கள் முன் சில்லில் இருக்கும் வெற்றிடக் குழாய்களைப் பார்க்க வேண்டும். முன் சில்லை அச்சோடு சேர்க்கும் ஹப் வெற்றிட விசையில்தான் பூட்டுகிறது. ரப்பர் குழாய் வெடித்திருந்தால் லைட் பத்தினாலும் முன் சில்லு இழுக்காது. சோதிப்பது சுலபம்: ஈரப் புல் ஏற்றத்தில் ஃபோர்-வீல் போட்டு, லோ கியரில் கிளப்பச் சொல்லி, பின் சில்லு வழுக்கும்போது முன் சில்லும் சேர்ந்து இழுக்கிறதா என்று வெளியே ஒருவர் ஒதுங்கி நின்று பார்க்கட்டும்.

எவ்ரியில் ஏ.ஜி.எஸ். கியர் உள்ளது வந்தால் ஒன்றை மறக்காதீர்கள். பார்வைக்கு ஓட்டோமெட்டிக் கியர் மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது சாதாரண கிளச். ஏற்றத்தில் எக்ஸலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்தி வைத்தால் கிளச் அரைகுறையாகப் பிடித்து எரியும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு நில்லுங்கள்.

பனி ஊரில் இருந்து வந்த துருவும் டயரும்

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் தொடங்கிய பிறகு ஃபோர்-வீல் தேடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஜப்பானில் ஃபோர்-வீல் அதிகம் விற்பது வடக்கே, பனி ஊர்களில். அங்கே பனியைக் கரைக்க றோட்டில் உப்புப் போடுவார்கள், அது காரின் அடியைத் துருப்பிடிக்க வைக்கும். ஏலத்தில் காரைப் பரிசோதித்து எழுதும் ஒக்‌ஷன் ஷீட்டில் காரின் படத்தின்மேல் எஸ் என்ற எழுத்து இருந்தால் துரு, சி என்றால் அரித்துப்போன இடம். கூடவே இருக்கும் எண் எவ்வளவு கடுமை என்பதைச் சொல்லும். ஷீட் சுத்தமாக இருந்தாலும் காரைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். பின் சஸ்பென்ஷன் கை உடலோடு சேரும் இடம், பிரேக் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகள், எஞ்சின் சம்ப்பின் விளிம்பு, சைலன்ஸர் தொங்கும் இடம், இந்த நாலையும் ஸ்க்ரூ ட்ரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று பதில் சொல்லும், அரித்த தகடு மொத்தென்று ஒலிக்கும். கறுப்புப் பூச்சு புதிதாக அடித்திருந்தால் இன்னும் கவனமாகத் தட்டுங்கள்.

அடுத்தது டயர். அந்த ஊர்களில் இருந்து வரும் காரில் பல வேளை ஸ்டட்லெஸ் எனப்படும் பனி டயரே போட்டிருக்கும். பக்கவாட்டில் அந்தச் சொல் பதிந்திருக்கும், தொட்டால் ரப்பர் மெத்தென்று இருக்கும், முகத்தில் பிளேடால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள். பார்க்க நல்ல பட்டன் டயர் போலத் தெரிவதால் மலைக்கு இதுவே நல்லது என்று சிலர் வைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. 7 பாகைக்குக் கீழே மென்மையாக இருக்க வேண்டும் என்றே அந்த ரப்பர் கலக்கப்பட்டிருக்கிறது. நம்முடைய வெயிலில் தாரில் சீக்கிரம் தேயும், மழைத் தாரில் பிரேக் தூரம் கூடும், தோட்டத்து வெள்ளைக் கல் அதைக் கத்தி போல வெட்டி எடுக்கும். கழற்றிவிட்டு சாதாரணப் பாதைக்கும் கரடுக்கும் பொதுவான ஏ.டி. டயர் போடுங்கள். எந்த டயரானாலும் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது.

பெரும்பாலான சின்ன கார்களில் ஸ்பெயார் சில்லே கிடையாது. ஒரு போத்தல் பசையும் சின்னப் பம்பும்தான் தருகிறார்கள். ஆணி குத்திய ஓட்டையை அந்தப் பசை அடைக்கும். கல் வெட்டிய பக்கவாட்டுக் கிழிசலை அடைக்காது, கல் றோட்டில் நடப்பதோ அதுதான். முழு அளவு ஸ்பெயார் ஒன்றைத் தேடி வாங்கிப் பின்னால் பெல்ட் போட்டு இறுக்கி வையுங்கள். சும்மா போட்டு வைத்தால் இறக்கத்தில் முன்னுக்குப் பாயும்.

காற்று விஷயத்தில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கதவோரச் சீட்டில் 33, 35 பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கும் 165/60 ஆர்-15 டயருக்குக் கல் றோட்டில் 25 வரை இறக்கலாம். டயர் கல்லைச் சுற்றி மடியும், பிடிப்பு கூடும், உள்ளே இருப்பவர்களின் முதுகும் பிழைக்கும். 22-க்குக் கீழே போகக்கூடாது. பக்கச் சுவர் குட்டையான டயர் என்பதால் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே நசுங்கி வெட்டுப்படும். ஜிம்னி டயருக்குப் பக்கச் சுவர் உயரம், அது 18 வரை தாங்கும். காற்று இறக்கிய டயரில் மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம், தாருக்கு வந்ததும் திரும்ப அடித்துவிடுங்கள். 12 வோல்ட் பம்ப் ஒன்று இல்லாமல் காற்றை இறக்கவே கூடாது. இன்னொன்று: கொழும்பில் அடித்த காற்று நுவரெலியாவின் குளிரில் குறைந்திருக்கும் என்று மேலே வந்ததும் கூட்டி அடிக்கத் தேவையில்லை. குளிரில் டயருக்குள் அமுக்கம் குறைவது உண்மைதான். ஆனால் 1868 மீற்றர் உயரத்தில் வெளிக்காற்றின் அமுக்கமும் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இரண்டும் ஒன்றை ஒன்று ஈடுசெய்வதால் கேஜ் கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான் காட்டும்.

அந்த உயரம் எஞ்சினைத்தான் பாதிக்கும். டர்போ இல்லாத 660 எஞ்சினின் 49 குதிரைவலு நுவரெலியாவிலும் ஓட்டன் சமவெளிப் பக்கத்திலும் நாற்பதை ஒட்டித்தான் இருக்கும். நாலு பெரியவர்களும் அரிசி மூட்டையும் என்றால் செங்குத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கும். மேலே போகும் பயணத்துக்கு இரண்டு பேரோடு ஏறுங்கள். பாரம் குறைந்தால் வயிறும் சில சென்ரிமீற்றர் மேலே நிற்கும்.

கல்லும் கானும்

வயிற்றின் உயரம் ஹஸ்லருக்கு 180 மில்லிமீற்றர், ஜிம்னிக்கு 205 முதல் 210, ஃபோர்-வீல் வேகன் ஆருக்கு 150 சொச்சம். ஹஸ்லரின் மூக்கும் வாலும் நல்லவை: ஏறும் கோணம் 29 பாகை, இறங்கும் கோணம் 50. இரண்டு அச்சுக்கும் நடுவே 2460 மில்லிமீற்றர் இருப்பதுதான் தொல்லை. ஜிம்னிக்கு அது 2250. மேட்டின் உச்சியைத் தாண்டும்போது மூக்கு தப்பிவிடும், வயிறு உட்கார்ந்துவிடும்.

கல்லைக் கண்டால் இரண்டு சில்லுக்கும் நடுவே விட்டுத் தாண்டப் பார்ப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம். தாரில் அது சரி. கல் றோட்டில் கல்லின்மேல் சில்லை ஏற்றுங்கள். சில்லு ஏறினால் வயிறும் சேர்ந்து ஏறும், நடுவில் விட்டால் எஞ்சின் எண்ணெய் நிற்கும் சம்ப்பும் சி.வி.டி. எனப்படும் ஓட்டோமெட்டிக் கியரின் தட்டும் கல்லுக்கு நேரே போகும். கல் ஆடாமல் இருக்கிறதா என்று இறங்கிக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

லொறித் தடம் இன்னொரு சங்கடம். கொழுந்து லொறியும் டிரக்டரும் வருஷக்கணக்காக ஓடி இரண்டு பள்ளக் கோடு போட்டிருக்கும். நம் காரின் இடது சில்லுக்கும் வலது சில்லுக்கும் நடுவே 1.3 மீற்றர்தான். லொறியின் தடம் அதைவிட அகலம், இரண்டு கோட்டிலும் ஒன்றாக இறங்க முடியாது. ஒரு பக்கம் 20 சென்ரிமீற்றர் தடத்துக்குள் விழுந்து மற்றப் பக்கம் நடு மேட்டில் நின்றால் கார் 9 பாகை சரியும், உயரமான காருக்குள் இருப்பவர்களுக்கு அது இரண்டு மடங்காகத் தெரியும். செய்ய வேண்டியது இது: ஒரு பக்கச் சில்லை நடு மேட்டிலும், மற்றதை மலைப் பக்கத் தடத்துக்கு வெளியே இருக்கும் ஓரத்திலும் வைத்து ஓட்டுங்கள். பள்ளப் பக்க ஓரத்தை நம்பவே வேண்டாம். மழைத் தண்ணீர் அடியில் அரித்துவிட்டு மேலே புல்லை மட்டும் விட்டு வைத்திருக்கும். ஓரத்தில் றோட்டுக்கு இணையாக ஒரு வெடிப்பு ஓடினால் அது விழப்போகும் மண். இறங்கி நடந்து பாருங்கள்.

கான்தான் சின்ன காருக்குப் பெரிய பரீட்சை. மழைத் தண்ணீரைத் தேயிலைக்குள் விடாமல் திருப்ப றோட்டின் குறுக்கே வெட்டியிருப்பார்கள். ஹஸ்லரின் டயர் விட்டம் 58 சென்ரிமீற்றர். 30 சென்ரிமீற்றர் அகலக் கானில் அது 4 சென்ரிமீற்றர்தான் இறங்கும், உணரவே மாட்டீர்கள். அகலம் 45 ஆனால் 11 இறங்கும். பாதி அகலம் கூடியதற்கு ஆழம் இரண்டரை மடங்குக்கு மேல் கூடுகிறது. 69 சென்ரிமீற்றர் டயர் உள்ள ஜிம்னி அதே கானில் 8 மட்டும் இறங்கும். அதனால் கானின் ஆழத்தைவிட அகலத்தைப் பார்க்கப் பழகுங்கள்.

அகலக் கானை நேராகக் கடந்தால் இரண்டு முன் சில்லும் ஒன்றாக விழுந்து பம்பர் அடிக்கும். ரொம்பச் சாய்த்துக் கடந்தால் முன்னால் ஒரு சில்லும் பின்னால் எதிர்ப் பக்கச் சில்லும் ஒரே நேரத்தில் தொங்கும். டிஃபரன்ஷியல் பூட்டாத காரில் தொங்கும் அந்த இரண்டும் சும்மா சுற்றும், தரையில் இருக்கும் இரண்டும் அசையாது. நாலு சில்லும் இழுக்கிற கார் அப்படியே நின்றுபோவதைப் பார்த்துப் பலர் ஃபோர்-வீல் பழுது என்று நினைப்பார்கள், பழுதில்லை. ஹஸ்லரில் கிரிப் கன்ட்ரோல் பட்டனை அமத்தினால் சுற்றும் சில்லை பிரேக் பிடித்து மற்றதுக்கு இழுவையைத் தள்ளும். கானுக்குள் விழுவதற்கு முன்பே அமத்துங்கள். பட்டன் இல்லாத காரில் லேசான சாய்வு, ஒரு 20 பாகை, போதும்.

இன்னும் நல்ல வழி கானைக் கல்லால் நிரப்புவது. உங்கள் சில்லுத் தடத்துக்கு மட்டும், இரண்டு இடத்தில், தலையளவு கல்லை அடியிலும் சின்னக் கல்லை மேலேயும் அடுக்குங்கள். நாலு பேர் இருந்தால் பத்து நிமிஷ வேலை. கடந்த பிறகு அந்தக் கல்லை எல்லாம் எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அடைத்த கான் அன்று இரவு மழையிலேயே நிரம்பி றோட்டை அறுத்துவிடும். அந்த றோட்டில்தான் லயத்தில் இருந்து பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ போக வேண்டியிருக்கிறது. சில்லைச் சுற்றவிட்டுத் தோண்டிய குழிக்கும் இதே கணக்குத்தான்.

கடினமான இடத்தில் ஒருவர் இறங்கி வழி காட்டட்டும். அவர் காருக்கு முன்னால், மலைப் பக்கத்தில், சாரதியின் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். பள்ளப் பக்கத்திலும் இறக்கத்தில் காருக்குக் கீழேயும் நிற்கவே கூடாது. இடது, வலது என்று சொன்னால் எதிரும் புதிருமாக நிற்கும்போது குழம்பும். மலைப் பக்கம், பள்ளப் பக்கம் என்று சொல்லுங்கள்.

“மலைப் பக்கம் ஒடிங்க அண்ணே, இன்னும் ஒடிங்க… போதும். நேராக்குங்க. மெதுவா விடுங்க, மெதுவா… நிப்பாட்டுங்க. முன்சில்லு கல்லுல ஏறிடுச்சி. அப்படியே ஒரு சாண் வாங்க.”

இப்படிச் சொல்வது ஒரே ஒரு குரலாக இருக்கட்டும். சுற்றி நிற்கும் மற்றவர்கள் அன்போடு ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்கினால் காரை நிறுத்திவிடுங்கள்.

இறக்கம்

ஏறும்போது கார் நின்றுவிட்டால் பிரேக்கை மிதித்து நின்ற இடத்திலேயே வைத்திருக்கலாம். இறங்கும்போது அந்தச் சலுகை இல்லை. சி.வி.டி. காரில் எல்-இலோ மானுவல் முறையின் முதல் கியரிலோ போட்டு, இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தை நடைவேகமாக்குங்கள். டி-யிலேயே விட்டு பிரேக்கால் மட்டும் இறங்கினால் பிரேக் சூடேறி, எரிந்த வாடை வரும், மிதி பஞ்சு போல உள்ளே போகும். அந்த நிலை வந்தால் பத்திரமான மட்ட இடத்தில் அரை மணி நேரம் நிறுத்தி ஆறவிட வேண்டும். சூட்டில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

ஹஸ்லரின் ஃபோர்-வீல் கார்களில் இறக்கக் கட்டுப்பாட்டுப் பட்டன் இருக்கும். அது தானே பிரேக் பிடித்து மணிக்கு 7 கிலோமீற்றர் அளவில் காரை வைத்திருக்கும். கடகடவென்று சத்தம் வருவது இயல்பு. காலை பிரேக்குக்கு மேலே வைத்துக்கொண்டு அதை வேலை செய்ய விடுங்கள்.

உதிரிக் கல் இறக்கத்தில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் ஏ.பி.எஸ். பிடித்தும் விட்டும் காரை நினைத்ததைவிடத் தூரம் கொண்டுபோகும். மிதியை மெல்ல மெல்ல அமத்திப் பழகுங்கள். பின்பக்கம் பக்கவாட்டில் விலகத் தொடங்கினால் பிரேக்கை விட்டுவிட்டு, எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பி, ஒரு துளி எக்ஸலரேட்டர் கொடுங்கள். இறக்கத்தில் எக்ஸலரேட்டரைத் தொட மனம் வராதுதான். ஆனால் சுற்றும் சில்லுக்குத்தான் திரும்பத் தெரியும், இறுகிய சில்லு சரிந்த பக்கம்தான் போகும்.

ஏற்றத்தில் பாதியில் நின்றுபோனால் அங்கேயே திருப்பப் பார்க்காதீர்கள். சரிவில் குறுக்கே நிற்கும் உயரமான கார் உருளும். ரிவர்ஸில் போட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து, வந்த தடத்திலேயே பின்னுக்கு இறங்குங்கள். கரடான பாதை தொடங்கும் முன் ஐடிலிங் ஸ்டொப்பையும் நிறுத்திவிடுங்கள், கல்லின்மேல் தொங்கும் நேரத்தில் எஞ்சின் தானாக அணைவது யாருக்கும் வேண்டாம். புது ஹஸ்லரின் ஸ்னோ முறை ஈரக் களிமண்ணில் கிளம்ப நல்ல உதவி. சில்லு சுற்ற முன்பே எஞ்சினை அடக்கிவிடும். அதே முறை செங்குத்துக் கல் ஏற்றத்தில் தேவையான வலுவையும் வெட்டும், அங்கே வேண்டாம்.

மழையும் உறைபனியும்

மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஈரம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை பதுளை, பசறை, மடுல்சீமைப் பக்கம் ஈரம். ஒக்டோபர், நவம்பரில் எங்கேயும் பின்னேரம் இடி மழை. ஓஹியவில் இருந்து உடவேரியா வழியாகக் கலுபஹனைக்கு இறங்கும் டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ் போன்ற பாதைகளை விடியற்காலையில் தொடங்கி, நண்பகலுக்குள் முடிப்பதுபோல வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதைக்கு ஜிம்னி வகை வாகனமே சரி. ஹஸ்லரையும் வேகன் ஆரையும் அங்கே கொண்டுபோக வேண்டாம் என்றே சொல்வேன்.

முதல் பத்து நிமிஷ மழைதான் ரொம்ப மோசம். தூசியும் களிமண்ணும் குழைந்து, மரத்து நிழலில் பாசி பிடித்த கல்லின்மேல் சவர்க்காரம் போலப் படியும். தொடர்ந்து பெய்தால் கல் கழுவுப்பட்டுக் கொஞ்சம் பிடிப்பு திரும்பும், களிமண் இடங்கள் மட்டும் இன்னும் கெடும். யூக்கலிப்டஸ் இலை மெத்தை போட்ட வளைவும் அப்படியே.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், அம்பர், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. நீங்கள் போகும் பிரிவுக்கு மஞ்சள் இருந்தாலே பயணத்தைத் தள்ளிவையுங்கள். 2014 ஒக்டோபர் 29-இல் மீரியபெத்தை மண்சரிவையும் 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலையும் கண்ட மலை இது. புயலுக்கு முன் ஓட்டிப் பழகிய பாதை என்றாலும் புதிதாகப் பார்க்கும் பாதைபோல நடந்து பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

ஜனவரி, பெப்ரவரி அதிகாலையில் அம்பேவெல, பட்டிப்பொல, ஓட்டன் சமவெளிப் பக்கம் துகள் உறைபனி விழும். புல்லும் கார்க் கண்ணாடியும் வெள்ளையாகிவிடும். கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றினால் வெடிக்கும். ஏ.சி.யோடு சூட்டையும் சேர்த்துப் போட்டுப் பத்து நிமிஷம் விட்டால் உள்பக்க மூட்டமும் போய்விடும். ஓட்டன் சமவெளி தேசியப் பூங்கா, அங்கே றோட்டை விட்டு ஒரு சில்லும் இறங்கக்கூடாது. தோட்டத்து றோட்டுகளும் தோட்டத்துக்குச் சொந்தம். ஒஃபிசிலோ காவல்காரரிடமோ கேட்டுவிட்டுப் போங்கள். கொழுந்து நிறுக்கும் நேரம் எது என்றும் கேளுங்கள், ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய றோட்டில் லொறிக்கு முன்னால் நிற்க நேராது.

மாட்டிக்கொண்டால்

சின்ன காரின் பெரிய வரம் அதன் பாரம். ஹஸ்லர் 900 கிலோவுக்குள். நாலு பேர் சேர்ந்தால் ஒரு மூலையைத் தூக்கி நகர்த்தலாம். சில்லு சுற்றத் தொடங்கியதும் நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, சில்லுக்கு முன்னால் மண்ணைச் சரிவாக வெட்டி, இரண்டு வெற்று உரச் சாக்கை மடித்துச் செருகுங்கள். பின்னால் யாரும் நிற்கக்கூடாது, சாக்கு பறந்து வரும். கவ்வாத்து வெட்டிய மிலாறைப் போட்டு ஏற்றுவதும் உண்டு. அது யாரோ அடுப்புக்கு அடுக்கி வைத்த விறகாக இருக்கலாம், கேட்டுவிட்டு எடுங்கள். கூர் முனை டயரின் பக்கவாட்டுக்கு நேரே வராமல் படுக்க வையுங்கள்.

காருடன் வரும் கத்தரி ஜக் மண்ணில் புதையும். ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு அங்குலம் தடித்த பலகைத் துண்டு ஒன்றை எப்போதும் காரில் வைத்திருங்கள். இழுக்கும் கயிற்றை இழுவைக் கொக்கியில் மட்டும் கட்டுங்கள். சஸ்பென்ஷன் கையில் கட்டினால் கார் வெளியே வரும், ஆனால் சில்லு கோணி வரும். கயிற்றின் நடுவில் ஒரு ஈரச் சாக்கைப் போட்டுவிட்டால், அறுந்தாலும் பாய்ந்து வரும் வேகம் குறையும்.

ஓடையில் தண்ணீர் சில்லின் நடு அச்சுக்கு மேலே என்றால் திரும்பிவிடுங்கள். சுசூக்கி சின்ன ஹைபிரிட் கார்களில் லிதியம் பற்றரி இருப்பது முன் பயணியின் சீட்டுக்கு அடியில். கதவுக்குள் வரும் தண்ணீர் முதலில் போவது அங்கேதான். கடந்து வந்ததும் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஐம்பது மீற்றர் ஓட்டினால் ட்ரம் காயும்.

வீட்டுக்கு வந்ததும் அடியில் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டுப் பாருங்கள். புது ஓயில் ஈரம், வளைந்த பிரேக் குழாய், கிழிந்த எக்சல் ரப்பர், தொங்கும் பிளாஸ்டிக் தட்டு. எக்சல் ரப்பர் கிழிந்ததை அன்றே மாற்றினால் ரப்பருக்கும் கிரீஸுக்கும்தான் செலவு, ஒரு மாதம் விட்டால் முழு எக்சலும் போகும். கராஜ் பாஸிடம் சேர்விஸுக்குக் கொடுக்கும்போது பின் டிஃபரன்ஷியல் எண்ணெயையும் ட்ரான்ஸ்ஃபர் எண்ணெயையும் வாயால் சொல்லிக் கேளுங்கள். ஹஸ்லர் போன்ற கார்களில் அது கொஞ்சம் எண்ணெய்தான், முன் சில்லு இழுக்கும் கார்களையே பார்த்துப் பழகிய இடத்தில் யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

கழுவிய பிறகும் ஓடும்போது ஒரு சில்லில் இருந்து கிரீச்சென்று இரும்பை அறுக்கும் சத்தம் வந்தால் பதற வேண்டாம். பிரேக் டிஸ்க்குக்கும் பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டுக்கும் நடுவே பட்டாணி அளவு கல் ஒன்று சிக்கியிருக்கும். இரண்டு மூன்று மீற்றர் ரிவர்ஸில் எடுத்து, திரும்ப முன்னுக்கு எடுங்கள். பெரும்பாலும் விழுந்துவிடும். விழவில்லையென்றால் சில்லைக் கழற்றி, அந்தத் தகட்டை விரலால் டிஸ்க்கை விட்டு லேசாக விலக்கிப் பிடித்தால் கல் தானாகக் கீழே விழும்.